சான்று காட்டும் நெறி: திருவொற்றியூர்ச் சாசனங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் கடலோரமாக நீளும் சாலையில், துறைமுகத்துக்குள் புகும் முறைக்காக அணிவகுத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளைக் கடந்து செல்வோருள் மிகச் சிலரே, அச்சாலைக்குச் சற்று மேற்கே, பல்லவன் அபராஜிதன் காலம் முதல் விஜயநகர அரசர் காலம் வரையில் பொறிக்கப்பட்ட சாசனங்களைச் சுவர்களிலும் தூண்களிலும் தாங்கிய ஆலயம் ஒன்று உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பர். ஆதிபுரீசுவரர் கோயில் என்றும் தியாகராஜர் கோயில் என்றும் வழங்கும் திருவொற்றியூர் ஆலயம் பக்தர்க்குப் பாடல் பெற்ற தலம். சரித்திர ஆராய்ச்சியாளர்க்கோ தொண்டை மண்டலத்தின் தலைசிறந்த ஆவணக் களஞ்சியங்களுள் ஒன்று. ஆய்வேடு எழுதப் புகும் மாணவர்க்குச் சான்று காட்டும் முறையைப் போதிக்க விரும்பும் ஆசிரியர், அயல்நாட்டுக் கையேடுகளின் விதிகளை மனனம் செய்விப்பதற்கு முன்னர், இக்கோயிற் சுவரிலுள்ள சாசனம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை வாசகர் ஐயமின்றிக் கண்டடைவதற்கு என்னென்ன விவரங்கள் வேண்டும் என்று வினவத் தொடங்குவாராயின், அவ்விதிகள் எல்லாம் தேவையினின்று தாமே பிறப்பதை மாணவர் காண்பர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நம் தருக்க நூலார் அறிவுக்கு வாயிலாகிய பிரமாணங்களைப் பிரத்தியட்சம், அனுமானம், ஆகமம் எனப் பகுத்தனர். நேரே காண்பது முதலாவது, கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது இரண்டாவது, நம்பத்தக்கார் வாய்மொழியை ஏற்பது மூன்றாவது. பழைய உரையாசிரியர்கள் மூன்றாவதன் பலத்திலேயே பெரிதும் நின்றனர். நச்சினார்க்கினியர் மேற்கோளாக ஓர் அடியை எடுத்தாளும்போது, அது எந்நூலில் எப்பகுதியில் உள்ளது என்பதைப் பலவிடங்களில் கூறுவதில்லை. பாடம் கேட்போர் அந்நூலை முன்பே நெட்டுருச் செய்தவர் என்னும் நம்பிக்கை அக்காலத்துக்குப் பொருந்துவதாயிருந்தது. ஏடுகள் அருகி, பாடம் கேட்கும் பரம்பரையும் தளர்ந்தபின் அந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமற்போயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், உரையில் பெயரின்றி வந்த மேற்கோள்களின் இருப்பிடத்தைத் தேடி ஏடு ஏடாகப் புரட்டியதும், தாம் ஒப்புநோக்கிய பிரதிகளை இன்ன ஊரில் இன்னாரிடமிருந்து பெற்றவை என்று தம் பதிப்புகளில் வரிசைப்படுத்தியதும் அக்குறையை நிரப்புதற் பொருட்டே. ஆப்தவாக்கியமாக நிற்பதை, வாசகர் வேண்டும்போது தமக்குப் பிரத்தியட்சமாக்கிக்கொள்ளுமாறு வழி திறந்து வைப்பதே அடிக்குறிப்பின் காரியம்; அவ்வழி அடைபட்டிருக்குமாயின், காற்புள்ளியும் அரைப்புள்ளியும் எத்துணைச் செம்மையாக அமைந்திருப்பினும், அது அடிக்குறிப்பு ஆகாது.

ஒரு சாசனமும் மூன்று பண்டிதர்களும்

திருவொற்றியூர்ச் சாசனங்களுள் நெஞ்சை மிகவும் ஈர்ப்பது, இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனது 20ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 959இல், எழுந்தது. கேரள நாட்டில் பிறந்து, வல்லபன் என்னும் பெயருடன் சோழ இளவரசன் இராஜாதித்தனுக்கு உற்ற துணைவராயிருந்த ஒருவர், 949இல் தக்கோலப் போரில் இளவரசன் மாண்டபோது உடன் மாள இயலாமற்போன துயரத்தால் உலகியலைத் துறந்து, கங்கையில் நீராடி, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவை அடைந்து, சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு மடத்தின் தலைமை ஏற்றார் என்பதும், பின்னர்த் தம் ஜன்ம நட்சத்திரத்தில் வழிபாடு நடைபெறும் பொருட்டுப் பொன்னைச் சபையாரிடம் வைத்தார் என்பதும் அதனால் விளங்குகின்றன. வடமொழிப் பேரறிஞர் வே. இராகவன் இதனை 'எபிகிராபியா இண்டிகா'வின் 27ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

இவ்வரலாற்றைத் தம் கட்டுரையில் எழுதும் மாணவர், வாக்கியத்தின் முடிவில் 'திருவொற்றியூர்க் கல்வெட்டு' என்று மட்டும் பொறித்து அமைவாராயின் நேர்வது யாது? அவ்வாலயத்தில் படியெடுக்கப்பட்ட சாசனங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் எதனை வாசகர் தேடுவார்? 'சதுரானன பண்டிதர் கல்வெட்டு' என்று எழுதினாலோ சிக்கல் இன்னும் பெரிதாகிறது. ஏனெனில் சதுரானன பண்டிதர் என்பது அம்மடத்துத் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பெயர். முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் கருவறை விமானத்தைக் கருங்கல்லால் எடுப்பித்தவரும் ஒரு சதுரானன பண்டிதரே. இரவி என்னும் வீரசோழத் தச்சன் அவ்விமானத்தை அமைத்த செய்தியும் சாசனத்தில் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் இராஜாதிராஜன் இவ்வாலயத்தில் ஆளுடைய நம்பியின் புராணம் கேட்டிருந்தபோது உடனிருந்தவரும் ஒரு சதுரானன பண்டிதரே. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இன்றி இவர்களைக் குறிப்பிடும் கட்டுரை, மூவரை ஒருவராக்கி, அவ்வொருவர்க்கு இருநூறாண்டுக்கு மேற்பட்ட ஆயுளை அளித்துவிடும். ஆகவே சாசனத்தைச் சுட்டுங்கால், ஊர், கோயில், கோயிலுள் பொறிக்கப்பட்ட இடம், அரசன், ஆட்சியாண்டு, பதிப்பாசிரியர், தொகுதி, பக்கம் என்னும் உறுப்புகள் வேண்டும் என்ற விதியை எவரும் இயற்ற வேண்டியதில்லை. சதுரானன பண்டிதர்களே அதை இயற்றிவிட்டனர்.

ஆட்சியாண்டைக் கி.பி. ஆண்டாக மாற்றித் தருங்கால் இன்னொரு நுட்பமும் நோக்கத்தக்கது. 20ஆம் ஆட்சியாண்டு என்பது கல்லில் உள்ள செய்தி. 959 என்பது அறிஞர் கணித்த செய்தி. இரண்டாம் இராஜாதிராஜனது ஆட்சித் தொடக்கம் எந்த ஆண்டு என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்திலர். அவர்களுடைய கணிப்புகள் சில ஆண்டுகள் வேறுபடுகின்றன. ஆதலின், சாசனம் கூறும் ஆண்டை முதலில் எழுதி, கணித்த ஆண்டை அடைப்புக்குறிக்குள் 'சுமார்' என்னும் சொல்லோடு தருவதே தக்கது. கணிப்பு நாளை மாறினும் கல்லின் வாசகம் மாறாது, கட்டுரையும் பழுதுறாது.

இராஜாதித்தன் முடிவைப் பற்றி இச்சாசனம் மட்டுமே பேசவில்லை. சோழர் தரப்பிலிருந்து எழுந்த லெய்டன் செப்பேடு, யானைமீது அமர்ந்து பொருது வீரசுவர்க்கம் புக்கவனாக அவனைப் போற்றுகிறது; கருநாடகத்து ஆதகூர்ச் சாசனமோ, அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனுக்குக் கிருஷ்ணன் நாடுகளைப் பரிசளித்ததைப் பெருமிதத்தோடு உரைக்கிறது. ஒன்று மாண்டவன் வம்சத்தாரின் குரல், மற்றொன்று வென்றவர் குரல், திருவொற்றியூரில் ஒலிப்பது நண்பனை இழந்தவரின் குரல். மூன்றையும் ஒரே அடிக்குறிப்பில் அடுக்கி, 'கல்வெட்டுகள் கூறுகின்றன' என்று முடிப்பது, மூன்று சாட்சிகளையும் ஒரே வாக்குமூலத்தில் கையொப்பமிடச் செய்வதாகும். எந்தச் செய்திக்கு எந்தச் சாசனம் ஆதாரம் என்று பிரித்துக் காட்டும்போதுதான், ஆராய்ச்சி வாதம் ஆகிறது.

எண், ஆண்டு, மாவட்டம்

தென்னாட்டுக் கல்வெட்டுகளைச் சுட்டும் வழக்கம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தால், பழைய நூல்களின் அடிக்குறிப்புகள் புரியாத குறியீடுகளாகத் தோன்றா. 1886இல் சென்னை அரசாங்கத்தின் சாசன ஆராய்ச்சியாளராக ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் நியமிக்கப்பட்டார். அவர் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. ஒவ்வோராண்டும் படியெடுத்த சாசனங்களுக்கு ஒன்று முதலாக வரிசை எண் இட்டு, அவற்றின் சுருக்கத்தை ஆண்டறிக்கையில் வெளியிடும் முறை அக்காலத்தில் நிலைபெற்றது. திருவொற்றியூர்ச் சாசனங்களுள் பெரும்பாலானவை 1911, 1912 ஆகிய ஆண்டுகளின் பட்டியல்களில் இடம் பெற்றவை. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றிலும், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் தம் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்திலும், 'இன்ன ஆண்டின் இத்தனையாம் எண்' என்று சுருங்கச் சுட்டுவது இவ்வரிசை எண்ணையே. எண் ஒவ்வோராண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், ஆண்டு விடுபட்ட எண் பயனற்றது. பிற்காலத்தில் செப்பேடுகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் தனித்தனிப் பிற்சேர்க்கைகள் வகுக்கப்பட்டு, ஆண்டும் 1953-54 என்பது போல இரட்டையாக வழங்கத் தொடங்கியபின், பிற்சேர்க்கையின் எழுத்தும் இன்றியமையாததாயிற்று.

மாணவர் பலர் அறியாத பேதம் ஒன்று இங்கே உண்டு. ஆண்டறிக்கையில் இருப்பது ஆங்கிலச் சுருக்கம். தொகுதிகளில் இருப்பது மூலபாடம். படியெடுக்கப்பட்ட தமிழ்ச் சாசனங்கள் பலவற்றின் மூலபாடம் இன்றும் அச்சேறவில்லை. சுருக்கத்தை மட்டும் படித்தவர், மூலத்தையே கண்டவர் போலக் குறிப்பு எழுதுவது முறையன்று. 'ஆண்டறிக்கைச் சுருக்கத்தின்படி' என்னும் இரண்டு சொற்கள் அவருடைய நேர்மையையும் காக்கும், வாசகருடைய உழைப்பையும் மிச்சப்படுத்தும். மூலத்திலிருந்தே மேற்கோள் எடுப்போர் வரி எண்ணையும் தர வேண்டும். சிதைந்த எழுத்துகளைப் பதிப்பாசிரியர் பகர அடைப்புக்குள் இட்டிருப்பாராயின் அவ்வடைப்பையும், அவர் தாமாக நிரப்பிய எழுத்துக்கு இட்ட உடுக்குறியையும் அப்படியே பெயர்த்தெழுத வேண்டும். அடைப்பை நீக்கி அழகுபடுத்தப்பட்ட மேற்கோள், பதிப்பாசிரியரின் அனுமானத்தைக் கல்லின் வாசகமாக்கிவிடுகிறது.

ஊரின் விலாசமும் நிலையானதன்று. சோழர் சாசனங்களில் திருவொற்றியூர் ஜயங்கொண்ட சோழ மண்டலத்துப் புழற்கோட்டத்தைச் சார்ந்தது. 1912ஆம் ஆண்டறிக்கையில் அதைத் தேடுவோர் செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டைத் தாலுகாவில் தேட வேண்டும், 1919இல் வி. ரங்காச்சாரியார் வெளியிட்ட, ஜில்லா வாரியான சாசனப் பட்டியலிலும் அவ்வாறே. 1997க்குப் பின் அது திருவள்ளூர் மாவட்டத்தது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து, 2018இல் சென்னை மாவட்டத்துள் சேர்ந்தது. சென்னை மாவட்டக் கல்வெட்டுகள் என்ற தலைப்பின்கீழ்ப் பழைய பட்டியல்களைப் புரட்டிவிட்டு, 'திருவொற்றியூரில் சாசனம் இல்லை' என்று முடிவு செய்யும் அபாயம் வெறுங்கற்பனையன்று. பதிப்பில் உள்ள நிருவாகப் பிரிவையும் இன்றைய பிரிவையும் ஒருங்கே தருதல் இதற்குப் பரிகாரம்.

பதிப்பும் ஆண்டும்

அச்சு நூல்களைச் சுட்டுவதிலும் இதே நியாயம் செல்லும். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு முதலில் 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்து, 1955இல் திருத்திய பதிப்பாக ஒரே நூலாயிற்று. பக்க எண்களும் வேறு, சிற்சில இடங்களில் முடிபுகளும் வேறு. பதிப்பைக் குறியாமல் பக்கத்தை மட்டும் குறிப்பது, தெருப்பெயர் இன்றி வீட்டு எண்ணை எழுதிய கடிதத்துக்கு ஒப்பாகும். 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, ஐயரவர்கள் மறைவுக்குப்பின் 1950இல் நூலாயிற்று. அச்செய்திகளை 1950ஆம் ஆண்டினவாகக் காட்டும் மாணவர், அவை எழுதப்பட்ட காலத்தைப் பிறழ உணர்த்துகிறார். முதல் வெளியீட்டாண்டையும் தாம் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டையும் சேர்த்துத் தருவதே உசிதம்.

பழைய தமிழ் நூல்களின் முகப்பில் சில வேளைகளில் தமிழ் வருஷப் பெயர் மட்டுமே இருக்கும். சர்வஜித்து வருஷம் என்பது 1827ஆகவும் இருக்கலாம், 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், முகவுரையில் குறிப்பிடப்படும் மனிதர், நூலகம் பெற்றுக்கொண்ட முத்திரை ஆகியவற்றைக் கொண்டு ஆண்டைத் துணிந்தபின், அத்துணிபு தம்முடையது என்று தெரியுமாறு அதைப் பகர அடைப்புக்குள் இடுதல் நூலகத்தார் வழக்கம். மாணவரும் அதைக் கைக்கொள்ளலாம்.

இந்நாளில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பல, பக்கப் படங்களாகக் கிடைக்கின்றன. அங்கே திரையில் தோன்றும் பக்க எண்ணும் நூலில் அச்சான பக்க எண்ணும் ஒன்றல்ல. முகவுரைப் பக்கங்கள் தனியே எண்ணப்பட்டிருப்பதால் இருபது முப்பது பக்கம் வேறுபடுதல் இயல்பு. சான்றாக எழுத வேண்டியது அச்சிட்ட எண்ணே. தட்டச்சு செய்து ஏற்றப்பட்ட பாடத்தைப் படித்தவர், அப்பாடம் எப்பதிப்பைப் பின்பற்றியது என்பதையும், தாம் அதைப் பார்த்த நாளையும் குறித்தல் வேண்டும்.

ஆசிரியர் பெயர்

அயல்நாட்டு நடையேடுகளை அப்படியே தமிழுக்குப் பெயர்ப்போர் பெருங்குழப்பம் அடைவது பெயர் விஷயத்திலேயாம். மேல்நாட்டார் குடும்பப் பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னுமாக மாற்றி அகரவரிசைப்படுத்துவர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்பது பொதுவழக்கன்று. பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிப்பன. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் குமாரர் சாமிநாதையரை 'ஐயர்' என்னும் தலைப்பின்கீழ் வைப்போமாயின், தமிழாராய்ச்சியின் முன்னோடிகள் பலரும் இரண்டு மூன்று சாதிப் பட்டங்களின்கீழ்க் குவிந்து, அவரவர் இயற்பெயரால் தேடுவோர்க்கு அகப்படாமற்போவர். சாமிநாதையர், உ. வே. என்றும், சதாசிவ பண்டாரத்தார், தி. வை. என்றும், இயற்பெயரை முன்னிட்டு முன்னெழுத்தைப் பின்வைக்கும் தமிழ்த் துணைநூற்பட்டியல் முறை, நம் பெயரிடும் மரபை உணர்ந்து அமைந்தது. ஒரே ஆசிரியர் ஒரு நூலில் தமிழ் முன்னெழுத்தும் வேறொன்றில் ஆங்கில ஒலியை ஒட்டிய முன்னெழுத்தும் உடையவராகத் தோன்றினால், ஒன்றை நிலைப்படுத்திக்கொண்டு மற்றதினின்று அதற்கு வழிகாட்டுதல் வேண்டும். இல்லையேல் ஒருவரே இருவராகிவிடுவார்.

சுருக்கக் குறியீடுகளிலும் கவனம் தேவை. ப., பக்., ப.ஆ., மேலது, மு.கு.நூல் முதலியன தமிழ் ஆய்வேடுகளில் நிலைபெற்றவை. இவற்றுள் 'மேலது' என்பது மிகவும் ஆபத்தானது. வரைவு நிலையில், இரண்டு அடிக்குறிப்புகளுக்கு இடையே புதிதாக ஒன்றைச் செருகிய கணத்தில், அதற்குக் கீழுள்ள 'மேலது' தவறான நூலைச் சுட்டத் தொடங்கும். எழுதியவர்க்கு அது புலப்படுவதேயில்லை. வரைவு முடியும் வரையில் ஆசிரியர் பெயரையும் நூற்பெயரின் முதற்சொல்லையும் முழுமையாக எழுதிவந்து, இறுதியில் மட்டும் சுருக்குதல் விவேகம்.

கழிமுகத்தில் வேறொரு முறை

அடிக்குறிப்பு முறையே எல்லாத் துறைக்கும் ஏற்றது என்று கருதற்க. திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தின் நீரையும் சேற்றையும் ஆராயும் விஞ்ஞான மாணவர், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்திலேயே அடைப்புக்குள் தரும் முறையைக் கையாள்கின்றனர். 1881இல் ஹார்வர்டு விலங்கியல் அறிஞர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் அதைத் தொடங்கி வைத்ததாகக் கூறுவர். அத்துறையில் ஆண்டே உயிர்நாடி. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2017 ஜனவரி 28இல் அத்துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் படர்ந்தது. ஓர் ஆய்வின் அளவீடு இந்நிகழ்ச்சிகளுள் எதற்கு முன்னது, எதற்குப் பின்னது என்பதைப் படிக்கும்போதே வாசகர் உணர வேண்டும். பக்கத்தின் அடிக்குக் கண்ணை ஓட்டிப் பின் மீளுதல் அங்கே இடையூறு. ஆயினும் அடைப்புக்குள் நிற்பது கட்டுரை வெளியான ஆண்டு. நீர் எடுத்த ஆண்டு இரண்டு மூன்று வருஷம் முந்தியதாயிருக்கக்கூடும். 2001இல் வெளியான கட்டுரை துறைமுகத்துக்குப் பிந்திய நிலையை உரைப்பதன்று என்பதை உணராதவர், காரணத்துக்கு முன்னே காரியத்தை நிறுத்திவிடுவர். மாதிரி எடுத்த மாதத்தையும் ஆண்டையும் வாக்கியத்திலேயே எழுதிவிடுதல் இத்தகைய மயக்கத்தைப் போக்கும்.

செய்தித்தாளைச் சான்றாகக் கொள்வோர்க்கு 2017ஆம் ஆண்டு விபத்து நல்ல பாடம். மோதல் நிகழ்ந்த அன்று துறைமுகத் தரப்பில் வந்த அறிக்கை, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்னும் கருத்தில் இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் கடற்கரையோரத்தில் வாளியால் எண்ணெய்ச் சேற்றை அள்ளும் காட்சி பத்திரிகைகளை நிறைத்தது. 'பத்திரிகைச் செய்தி, ஜனவரி-பிப்ரவரி 2017' என்று மொத்தமாகக் குறிப்பவர் இவ்விரண்டில் எதை ஆதாரமாகக் கொண்டார் என்பது தெரியாது. பத்திரிகையின் பெயர், பதிப்பு நகரம், நாள், பக்கம் ஆகியவற்றோடு, கூற்று யாருடையது என்பதையும் குறித்தல் வேண்டும்.

கரையோரக் குப்பங்களில் மீனவ முதியோரைக் கண்டு, முகத்துவாரம் தூர்ந்ததையும் இறால் குறைந்ததையும் கேட்டெழுதும் மாணவர், தாம் பெற்ற வாய்மொழியையும் சான்று என்றே மதித்தல் வேண்டும். 'அப்பகுதி மக்கள் கூறுகின்றனர்' என்னும் தொடர் ஆவணத்துக்கு உரிய மரியாதையை அவர்களுக்கு மறுப்பது. சொன்னவர் இசைந்தால் பெயர், இசையாவிடின் மாற்றுப்பெயர் அல்லது எண். தொழில், உத்தேச வயது, குப்பம், உரையாடிய நாள், ஒலிப்பதிவு எங்கே உள்ளது என்னும் விவரங்கள் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

எதற்குச் சான்று வேண்டா

எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு இடுவது ஆராய்ச்சியன்று, அச்சத்தின் அடையாளம். இராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது என்பது பொதுவறிவு. அதற்கு ஆதாரம் காட்ட வேண்டுவதில்லை. ஆனால் 'தென்னாட்டின் முதல் ரயில் பாதை இராயபுரத்திலிருந்து தொடங்கியது' என்று எழுதிய உடனே பொறுப்பு பிறக்கிறது. ஏனெனில் 1837இலேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல் கொண்டுவரும் இருப்புப்பாதை ஒன்று இருந்தது. 'பயணிகளுக்கான' என்னும் அடைமொழி இல்லாதவழி அக்கூற்று பிழையாகும். முதலாவது, மிகப் பழைமையானது, மிகப் பெரியது என்பன போன்ற சொற்கள் வருமிடமெல்லாம் மாணவர் தம் எழுதுகோலை நிறுத்தி, யார் சொன்னார் என்று தம்மையே வினவுவது நன்று.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு ஒத்திருக்கும் அளவு நூற்றுக்குப் பத்து வரையில் இருப்பின் தண்டனையின்றி விடுகிறது. பத்துக்கு மேல் நாற்பது வரை திருத்தி மீண்டும் அளிக்கவும், நாற்பதுக்கு மேல் அறுபது வரை ஓராண்டு தடுக்கவும், அறுபதுக்கு மேற்படின் பதிவையே நீக்கவும் விதிக்கிறது. உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அக்கணக்கில் சேரா. இவ்விதியின் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும், இதுவே சான்று காட்டுதலின் நோக்கம் என்று மாணவர் எண்ணத் தலைப்பட்டமை வருந்தத்தக்கது. சொற்களை மாற்றியமைத்துக் கருவியின் கண்ணுக்குத் தப்பியவர் சொந்தச் சிந்தனையாளர் ஆகிவிடுவதில்லை. கருத்து யாருடையது என்பதைச் சொல்லும் கடன், சொற்கள் மாறினும் நீங்குவதன்று.

மற்றொரு குற்றம் கருவிக்கும் எளிதில் புலப்படாதது. நீலகண்ட சாஸ்திரியாரின் அடிக்குறிப்பிலிருந்து சாசன எண்ணைப் பெயர்த்தெடுத்து, ஆண்டறிக்கையைத் தாமே கண்டதுபோல எழுதுவது நெடுநாளைய வழக்கம். முதல்வர் எண்ணில் நேர்ந்த அச்சுப்பிழை, பின்வந்தோர் நூல்களிலெல்லாம் மாறாமல் உலவுவதற்கு இதுவே காரணம். 'இன்னார் நூலில் எடுத்துக்காட்டப்பட்டது' என்று இடைநின்றவரைக் குறிப்பதில் இழிவு எதுவும் இல்லை. இப்போது கணினிச் செயலிகள், கேட்ட மாத்திரத்தில், இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் பொருத்தமாக அமைத்துத் தருகின்றன. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், அவ்வாறு பிறந்த பொய்த் தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வடிவத்தில் அக்குறிப்புகளுக்கு ஒரு குறையும் இல்லை. தேடிச் சென்றவர் அடைய மட்டும் ஒன்றும் இல்லை. வடிவமே இலக்கணம் என்று போதித்ததன் விளைவு இது.

ஆகவே, ஆய்வேட்டின் இறுதி வாரத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்யும் பட்டியலாகச் சான்றுகளைக் கருதாமல், படிக்கும் அன்றே, படித்த இடத்திலேயே, பதிப்பும் பக்கமும் நாளும் எழுதி வைக்கும் பழக்கத்தை மாணவர் கைக்கொள்ளல் வேண்டும். எந்த நடையேட்டைப் பின்பற்றுவது என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கட்டும். ஒரே நெறியை முதலிலிருந்து முடிவுவரை மாறாமல் கடைப்பிடித்தால் போதும். அச்சேறாத திருவொற்றியூர்ச் சாசனம் ஒன்றின் மூலபாடம் நாளை வெளிவந்து, ஆண்டறிக்கைச் சுருக்கம் பிழையென்று தெரியவருமாயின், அச்சுருக்கத்தை நம்பிய முடிபுகள் எவை, மூலத்தைக் கண்டு எழுந்தவை எவை என்று பின்வரும் ஆராய்ச்சியாளர் பிரித்தறிய வேண்டும். நேர்மையாக எழுதப்பட்ட அடிக்குறிப்பு அவர்க்கு அதைச் சொல்லும். முடிபு வீழ்ந்தாலும், அதை நிறுவ முயன்றவரின் உழைப்பு அடுத்தவர்க்குப் பயன்படும்.